அத்தனை கோடி டாலர் கொட்டி அந்த நட்சத்திரத்தை நம் அணி எடுக்கலாமா? பேஸ்பால் ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்து மைதானங்களைப் பூட்டியதும் ரசிகர்களின் சண்டை தொடங்கிவிடும். ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் நவம்பரில் சந்தைக்கு வருவார்கள். அவர்களில் உச்சத்தில் இருப்பவரை என்ன விலை கொடுத்தாவது எடுக்க வேண்டுமா, கூடாதா என்று பிப்ரவரி வரை மல்லுக்கட்டு நடக்கும். மேஜர் லீக் பேஸ்பால் பார்க்கும் தமிழ் நண்பர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ரசிகன் என்பதால் அந்த அணியின் பழைய நட்சத்திர பேட்டர் ஆல்பர்ட் புஹோல்ஸ் அடிக்கடி வருவார். அவரை வைத்துத்தான் இந்த விவாதத்தின் எல்லாப் பக்கங்களையும் தெளிவாகக் காட்ட முடியும்.

புஹோல்ஸ் விவகாரம் என்பது என்ன?

புஹோல்ஸ் டொமினிகன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவில் பிறந்தவர். 1999 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பது) 13-வது சுற்றில், 402-வது ஆளாகத்தான் கார்டினல்ஸ் அவரை எடுத்தது. 2001-இல் முதல் சீசன். அந்த ஆண்டே சிறந்த புதுமுகம் விருது. அங்கிருந்து 11 சீசன்கள் அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். பேட்டிங் சராசரி .328, 445 ஹோம் ரன்கள் (கிரிக்கெட் சிக்ஸர் போல), லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான எம்.வி.பி. விருது 3 முறை (2005, 2008, 2009), 2006-இலும் 2011-இலும் வேர்ல்ட் சீரிஸ் பட்டம். 2011 இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் மைதானத்தில், ஒரே இரவில் 3 ஹோம் ரன் அடித்தார். வேர்ல்ட் சீரிஸில் அதற்கு முன் அதைச் செய்திருந்தவர்கள் பேப் ரூத்தும் ரெஜி ஜாக்சனும் மட்டுமே.

அந்தத் தொடரை வென்று ஆறு வாரம்கூட ஆகவில்லை, அவர் போய்விட்டார். 2011 டிசம்பர் 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் 10 ஆண்டுக்கு 24 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கார்டினல்ஸும் நல்ல தொகைதான் பேசியது, ஆனால் அந்த உயரத்துக்கு வரவில்லை. அடுத்த ஜனவரியில் அவருக்கு 32 வயது. ஒப்பந்தம் முடியும்போது 41.

செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் என்ன சொன்னார்கள்?

மூன்று கட்சி. முதல் கட்சிக்கு ஸ்டான் மியூசியல்தான் அளவுகோல். 22 சீசன்களும் கார்டினல்ஸ் சட்டை மட்டுமே போட்டவர் அவர். புஷ் ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்குச் சிலை இருக்கிறது. புஹோல்ஸும் அந்த வரிசையில் வர வேண்டியவர், அவரை வேறு சட்டையில் பார்க்க முடியாது, எவ்வளவு கேட்டாலும் கொடுங்கள் என்றார்கள். இரண்டாம் கட்சி, 32 வயதுக்காரருக்குப் பத்து ஆண்டு எழுதிக் கொடுப்பது அணியைப் பத்து ஆண்டுக்கு அடகு வைப்பது என்றது. 2011 சீசனில்தான் அவர் முதல்முறையாக .300 சராசரிக்குக் கீழேயும் (.299) 100 ரன் பேட்டட் இன்னுக்கு, அதாவது தன் அடியால் அணிக்கு வந்த ரன்களுக்கு, கீழேயும் (99) இறங்கியிருந்தார். நூலிழைதான், ஆனாலும் இறக்கம் இறக்கம்தான் என்று அந்த எண்களைச் சுட்டிக் காட்டினார்கள்.

மூன்றாம் கட்சி சின்னது. ஆண்டுக்கு மூன்று கோடி வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் ஆறு ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்றது. நான் இந்தக் கட்சி. இன்றும் எந்த வீரருக்கான விவாதம் என்றாலும் தொகையை விட்டுவிட்டு வயதையும் ஆண்டுகளையும்தான் முதலில் பார்க்கிறேன்.

கடைசியில் எது பலித்தது?

ஏஞ்சல்ஸில் புஹோல்ஸின் சராசரி .256. ஹோம் ரன்கள் 222 வந்தன, 2017-இல் 600-வது ஹோம் ரன்னும் 2018-இல் 3,000-வது ஹிட்டும் வந்தன. ஆனால் பாதம், முழங்கால் என்று கால்கள் கைவிட்டன. ஓட முடியவில்லை. முன்பு மோசமான பந்துகளை விட்டுவிட்டு, அடிக்காமலே ‘வாக்’ வாங்கி முதல் பேஸுக்குப் போன மனிதர் அதையும் இழந்தார். அவர் இருந்த காலம் முழுவதிலும் ஏஞ்சல்ஸ் ஒரே முறைதான் பிளே-ஆஃப் போனது. 2014-இல் போய், கான்சாஸ் சிட்டி ராயல்ஸிடம் 3-0 என்று தோற்று வெளியே வந்தது.

சம்பளப் பட்டியலைப் பார்த்தால் வயிறு எரியும். 2012-இல் 1.2 கோடி, 2013-இல் 1.6 கோடி, 2014-இல் 2.3 கோடி, பிறகு ஆண்டுக்குப் பத்து லட்சம் கூடிக்கொண்டே போய் 2021-இல் 3 கோடி டாலர். ஆட்டம் இறங்க இறங்கச் சம்பளம் ஏறும்படி எழுதியிருந்தார்கள். அந்த 3 கோடி ஆண்டில்தான், மே மாதத்தில், ஏஞ்சல்ஸ் அவரை அணியிலிருந்து நீக்கியது. மீதிப் பணத்தையும் கொடுத்தாக வேண்டும், கொடுத்தது.

கார்டினல்ஸ் பக்கம் என்ன ஆனது? அந்தப் பணத்தில் ஒரு பகுதியில் கார்லோஸ் பெல்ட்ரானை 2 ஆண்டுக்கு 2.6 கோடிக்கு எடுத்தது. கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) யாடியர் மொலினாவுக்கு 5 ஆண்டு, 7.5 கோடி. பிட்சர் (பந்து வீசுபவர்) ஆடம் வெய்ன்ரைட்டுக்கு 5 ஆண்டு, 9.75 கோடி. புஹோல்ஸை இழந்ததற்கு ஈடாக ஏஞ்சல்ஸின் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு கார்டினல்ஸுக்குக் கிடைத்தது. அதில் எடுத்த பிட்சர் மைக்கேல் வாக்கா 2013 நேஷனல் லீக் இறுதித் தொடரில் எம்.வி.பி. ஆனார். அணி அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸ் வரை போனது, 2015-இல் 100 ஆட்டங்கள் வென்றது. இரண்டாம் கட்சிதான் ஜெயித்தது, சந்தேகமே வேண்டாம்.

சொந்த அணியில் வளர்ந்த வீரருக்கு முன்பே நல்ல பணம் கொடுத்திருக்கலாமே?

இந்தக் கேள்வியை ரசிகர்கள் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். மேஜர் லீகில் ஒரு வீரர் சந்தைக்கு வர ஆறு ஆண்டுகள் சேவை முடிக்க வேண்டும். முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம் (2025-இல் 7.6 லட்சம் டாலர்). அடுத்த மூன்று ஆண்டு சம்பளத் தகராறு தீர்க்கும் நடுவர் முன் போய்ச் சம்பளம் முடிவு செய்யலாம். உடல் உச்சத்தில் இருக்கும் காலத்தில் சம்பளம் அடிமட்டத்தில். முப்பதை நெருங்கும்போதுதான் பெட்டி திறக்கும்.

புஹோல்ஸ் 2004-இல் கார்டினல்ஸோடு நீண்ட ஒப்பந்தம் போட்டார். 7 ஆண்டுக்கு 10 கோடி டாலர், கூடவே 2011-க்கு 1.6 கோடி. அந்த எட்டு ஆண்டுகளில்தான் மூன்று எம்.வி.பி. விருதும் இரண்டு பட்டமும் வந்தன. சந்தை விலை அவருக்குக் கிடைக்கவில்லை. ஏஞ்சல்ஸ் கொடுத்த 24 கோடியில் ஒரு நல்ல பகுதி உண்மையில் கார்டினல்ஸ் கொடுத்திருக்க வேண்டிய பாக்கி என்றே எனக்குத் தோன்றுகிறது.

கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் இதைச் சரியாகச் செய்தது. 2023-இல் 106 ஆட்டங்கள் தோற்ற அணி அது. 2024 பிப்ரவரியில் 23 வயது பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டு, 28.87 கோடி டாலர் கொடுத்தது. அந்த ஆண்டே பிளே-ஆஃப் போனது. சின்ன ஊர், சின்ன வருமானம், ஆனாலும் சரியான வயதில் கொடுத்தார்கள்.

பணத்துக்காக அணி மாறுவது துரோகம் இல்லையா?

இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இந்தச் சந்தையே கார்டினல்ஸ் வீரர் ஒருவர் தன் வாழ்க்கையை விலையாகக் கொடுத்துத் தொடங்கி வைத்தது. கர்ட் ஃப்ளட், சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருதை 7 முறை வாங்கிய சென்டர் ஃபீல்டர். 1969 அக்டோபரில் அவரைக் கேட்காமலே கார்டினல்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டது. அன்றைய விதிப்படி வீரர் வாழ்நாள் முழுக்க அணியின் உடைமை. ஃப்ளட் போக மறுத்தார். தன்னை வாங்கவும் விற்கவும் கூடிய பண்டமாக நினைக்கவில்லை என்று லீக் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1972-இல் 5-3 என்று தோற்றது. அவர் ஆட்ட வாழ்க்கை அதோடு போனது. 1975 டிசம்பரில் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி இருவர் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வீரர்கள் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகே ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகும் ஃப்ரீ ஏஜென்ட் என்ற உரிமை நடைமுறைக்கு வந்தது.

ஃப்ளட் அனுபவிக்காத உரிமையை இன்றைய வீரர் பயன்படுத்தும்போது அவரைத் துரோகி என்று திட்டுவது எனக்கு வலிக்கிறது. முதலாளி அணியை விற்கலாம், வீரரைத் தூக்கிக் கொடுக்கலாம்; அதை யாரும் துரோகம் என்பதில்லை.

அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு இல்லையா?

கண்டிப்பான வரம்பு இல்லை. ஐ.பி.எல். ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு பணம் கொடுத்து உட்கார வைப்பார்கள். பேஸ்பாலில் அப்படிக் கிடையாது. அதற்குப் பதில் லக்சரி டாக்ஸ் இருக்கிறது. 2025-இல் வீரர்களின் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி. முதல் ஆண்டு 20 சதவீதம், தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50. வரம்பை 6 கோடி டாலருக்கு மேல் தாண்டினால் அதற்கு மேல் போகும் தொகைக்குக் கூடுதலாக 60 சதவீதம். மூன்று ஆண்டாகத் தாண்டும் அணி அந்த உயரத்தில் ஒரு டாலர் சம்பளம் கொடுத்தால் 1.10 டாலர் வரி கட்டும். 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் கட்டிய வரி மட்டுமே 10 கோடி டாலருக்கு மேல்.

இதில் ஒரு நுணுக்கம். வரிக்கு எடுத்துக்கொள்வது அந்த ஆண்டுச் சம்பளத்தை அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. அதனால்தான் அணிகள் ஆண்டுகளை நீட்டி நீட்டி எழுதுகின்றன. 13 ஆண்டு, 15 ஆண்டு என்று கேட்கும்போது, அந்த வீரர் 40 வயதிலும் வெளுத்து வாங்குவார் என்று அணி நம்புவதாக நினைக்க வேண்டாம். கடைசிச் சில ஆண்டுகள் சராசரியைக் குறைக்க மட்டுமே.

இதனால் டிக்கெட் விலை ஏறாதா?

ஏறாது. டிக்கெட் விலையைச் சம்பளப் பட்டியல் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர் வாங்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. நட்சத்திரம் வந்ததும் கூட்டம் கூடினால் விலை கூடும், அவ்வளவுதான். புஹோல்ஸ் விஷயத்தில் அதுகூட நடக்கவில்லை. அவர் போன 2012-இலும் செயின்ட் லூயிஸில் 30 லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் வந்தார்கள். அவர் வந்த, ஏஞ்சல்ஸின் ஊரான அனஹெய்மில் முன்பும் 30 லட்சம், பின்பும் 30 லட்சம்.

அப்படியானால் பணம் முதலாளியுடையது, நமக்கு என்ன கவலை?

பாதி சரி. ஆனால் முதலாளி மனதுக்குள் ஒரு வரம்பு வைத்திருந்தால், ஒருவருக்குக் கொடுப்பது இன்னொருவரிடமிருந்து எடுப்பதே. இதற்கும் ஏஞ்சல்ஸைத்தான் பார்க்க வேண்டும். 2018 முதல் 2021 மே வரை புஹோல்ஸ், மைக் டிரௌட், ஷோஹெய் ஓட்டானி மூவரும் ஒரே அணியில் இருந்தார்கள். பேஸ்பால் வரலாற்றிலேயே இப்படி ஒரு கூட்டணி அரிது. ஒரு சீசனில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. காரணம் ஒன்றுதான்: நல்ல பிட்சர்கள் இல்லை. மேலே உள்ள பெரிய ஒப்பந்தங்களுக்குப் பணம் போனபின் கீழே இருபத்துச் சொச்சம் பேரைத் தேற்ற அந்த நிர்வாகத்துக்குத் தெரியவும் இல்லை, மனமும் இல்லை.

ஆகவே, இவரை வாங்கினால் அதோடு கையைக் கட்டிக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். கட்டிக்கொள்ளும் முதலாளி என்றால் வேண்டாம்.

எந்த வயது வரை பெரிய ஒப்பந்தம் கொடுக்கலாம்?

பேட்டர்கள் பொதுவாக 26-லிருந்து 29 வரை உச்சத்தில் இருப்பார்கள். பிறகு மெதுவாக இறங்குவார்கள், 33-34-க்குப் பின் வேகமாக. விதிவிலக்குகள் உண்டு, ஒப்பந்தத்தை விதிவிலக்கை நம்பி எழுதக்கூடாது. 26 வயதுக்காரருக்கு 13 ஆண்டு கொடுத்தால் உச்சத்தின் எல்லா ஆண்டுகளும் நம்மிடம் இருக்கும். 32 வயதுக்காரருக்கு 10 ஆண்டு கொடுத்தால் ஏற்கெனவே வேறொருவர் அனுபவித்துவிட்ட ஆட்டத்துக்கு நாம் பணம் கட்டுகிறோம்.

பிரைஸ் ஹார்ப்பரைப் பாருங்கள். 2019-இல் 26 வயதில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அவருக்கு 13 ஆண்டு, 33 கோடி டாலர் கொடுத்தது. இடையில் விலகிச் செல்லும் உரிமையைக்கூட அவர் கேட்கவில்லை. அன்று அது அநியாயத் தொகை என்றார்கள். 2021-இல் எம்.வி.பி.; 2022-இல் அணியை வேர்ல்ட் சீரிஸுக்குக் கூட்டிப் போனார். அந்த ஆண்டு லீக் இறுதியின் ஐந்தாம் ஆட்டம், எட்டாம் இன்னிங்ஸ், மழையில் ஊறிய மைதானம், அணி ஒரு ரன் பின்தங்கி நிற்கிறது. எதிரணியான சான் டியேகோ பாட்ரேஸின் ராபர்ட் சுவாரெஸ் வீசிய பந்தை இடப்பக்கச் சுவருக்கு மேல் அடித்து ஆட்டத்தைத் திருப்பினார். இன்று அந்த 33 கோடியை ஃபிலடெல்ஃபியாவில் யாரும் அதிகம் என்று சொல்வதில்லை.

டிரௌட் கதை எச்சரிக்கை. 2019-இல் 27 வயதில் 12 ஆண்டு, 42.65 கோடி. சரியான வயது, சரியான வீரர். ஆனால் 2023-இல் 82 ஆட்டம், 2024-இல் 29 ஆட்டம். காயம் வயது பார்த்து வருவதில்லை.

25 வயதில் எடுத்தும் டெக்சாஸுக்கு ஏ-ராடால் பலன் இல்லையே?

அலெக்ஸ் ரோட்ரிகஸ், 2000 டிசம்பர், 10 ஆண்டு, 25.2 கோடி டாலர். ரேஞ்சர்ஸ் முதலாளி டாம் ஹிக்ஸ் அணியையே 1998-இல் 25 கோடிக்குத்தான் வாங்கியிருந்தார். ஒரு வீரரின் ஒப்பந்தம் அணியின் விலையைத் தாண்டியது.

அவர் ஏமாற்றவில்லை. மூன்று சீசன்களில் 52, 57, 47 ஹோம் ரன், 2003-இல் எம்.வி.பி. அணி மூன்று ஆண்டும் தன் பிரிவில் கடைசி இடம். 2004-இல் நியூயார்க் யாங்கீஸுக்கு அவரைத் தள்ளிவிட்டார்கள். ஒன்பது பேர் முறை வைத்து அடிக்கும் ஆட்டத்தில் எப்பேர்ப்பட்டவருக்கும் ஒன்பதில் ஒரு முறைதான் வாய்ப்பு வரும். கூடைப்பந்தில் ஒரு ஜோர்டான் போதும்; இங்கே போதாது.

நட்சத்திரம் போன பிறகு பழைய அணி நன்றாக ஆடுகிறதே, அப்படியானால் போகவிடுவதே நல்லதா?

ஆச்சரியமான வரலாறுதான். ஏ-ராட் டெக்சாஸுக்குப் போன அடுத்த ஆண்டு, 2001-இல், அவருடைய பழைய அணியான சியாட்டில் மாரினர்ஸ் 116 ஆட்டங்கள் வென்றது. அவர் ரேஞ்சர்ஸ் சட்டையில் திரும்பி வந்தபோது ரசிகர்கள் போலி டாலர் நோட்டுகளை வீசினார்கள். ஹார்ப்பர் போன அதே 2019-இல் அவருடைய பழைய அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வென்றது. கார்டினல்ஸ் கதை மேலே சொன்னதுதான்.

ஆனால் போனதால் வெல்லவில்லை. சியாட்டிலுக்கு அந்த ஆண்டு ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ வந்தார். வாஷிங்டனில் 20 வயது யுவான் சோட்டோ ஏற்கெனவே இருந்தார். மாற்று ஆள் தயாராக இருந்த அணிகள் பிழைத்தன. இல்லாமல் போகவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் 27 வயது மூக்கி பெட்ஸை ரெட் சாக்ஸ் டாட்ஜர்ஸிடம் கொடுத்தது. டாட்ஜர்ஸ் அவருக்கு 12 ஆண்டு, 36.5 கோடி எழுதியது. அந்த ஆண்டே பட்டம், 2024-இலும் 2025-இலும் பட்டம். பாஸ்டன் பணமில்லாத அணி அல்ல. அந்த ஊர் ரசிகர்களின் கோபம் நியாயமானது, இன்னும் ஆறவில்லை.

பிட்சருக்கும் இதே கணக்கா?

பிட்சரின் தோளும் முழங்கையும் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே அணியில் இரண்டு உதாரணம். நேஷனல்ஸ் 2015-இல் 30 வயது மேக்ஸ் ஷெர்சருக்கு 7 ஆண்டு, 21 கோடி கொடுத்தது: சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டு, ஒரு வேர்ல்ட் சீரிஸ், ஒரு காசுகூட வீணில்லை. 2019 டிசம்பரில் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்குக்கு 7 ஆண்டு, 24.5 கோடி கொடுத்தது: அதற்குப் பின் அவர் மொத்தம் 8 ஆட்டம்தான் வீசினார்.

வயதான பிட்சருக்கு ஆண்டுகளைக் குறைத்துத் தொகையை ஏற்றினாலும் தப்ப முடியாது. 2023-இல் நியூயார்க் மெட்ஸில் ஷெர்சரும் ஜஸ்டின் வெர்லாண்டரும் ஆளுக்கு ஆண்டுக்கு 4.33 கோடி. சீசன் பாதியிலேயே இருவரையும் விற்றார்கள். அணி 75 வெற்றி, 87 தோல்வி.

சரியாக ஆடாவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாதா?

முடியாது. அமெரிக்க கால்பந்து போல் அல்ல, பேஸ்பால் ஒப்பந்தத் தொகை முழுக்க உறுதியானது. ஏஞ்சல்ஸ் 2019-இல் அந்தோனி ரெண்டனுக்கு 7 ஆண்டு, 24.5 கோடி கொடுத்தது; எந்த சீசனிலும் அவர் 58 ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை. சம்பளம் வந்துகொண்டே இருந்தது.

ஓட்டானியின் 70 கோடி உண்மையில் 70 கோடியா?

இல்லை. 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு அவர் போட்ட 10 ஆண்டு, 70 கோடி ஒப்பந்தத்தில் 68 கோடியைப் பிறகு வாங்கிக்கொள்கிறார், அதுவும் வட்டியில்லாமல், 2034 முதல் 2043 வரை. ஆடும் காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம்தான். இருபது ஆண்டு கழித்து வரும் டாலருக்கு இன்று அவ்வளவு மதிப்பில்லை என்பதால் வரிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 4.6 கோடிதான் வருகிறது. 29 வயதில் எடுத்தார்கள். 2024-இல் 54 ஹோம் ரன், 59 ஸ்டோலன் பேஸ் (பிட்சர் வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). வந்த முதல் இரண்டு ஆண்டும் டாட்ஜர்ஸுக்குப் பட்டம். ஜப்பானிலிருந்து வரும் விளம்பர வருமானம் வேறு. இவரை மற்ற வீரர்களுக்கு முன்னுதாரணமாகக் காட்டி வாதாடுவது தவறு. எறியவும் அடிக்கவும் இவ்வளவு தெரிந்தவர் இன்னொருவர் இல்லை.

சோட்டோவுக்கு 76.5 கோடி. மெட்ஸ் செய்தது சரியா, யாங்கீஸ் விட்டது சரியா?

சோட்டோ 2022-இல் நேஷனல்ஸ் நீட்டிய 15 ஆண்டு, 44 கோடியை வேண்டாம் என்றார். அதற்காக அவரைப் பாட்ரேஸுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து யாங்கீஸ். 2024-இல் 41 ஹோம் ரன், யாங்கீஸ் வேர்ல்ட் சீரிஸ் போனது. டிசம்பரில் மெட்ஸ் 15 ஆண்டு, 76.5 கோடி டாலர் கொடுத்தது, பிற்காலத்துக்குத் தள்ளிவைத்த பணம் எதுவும் இல்லாமல். யாங்கீஸ் 16 ஆண்டு, 76 கோடி வரை வந்தது. ஆக, பணம் அதிகமா என்று இரு அணிகளும் சண்டை போடவில்லை. இருவருமே கொடுக்கத் தயார்.

2025-இல் சோட்டோ 43 ஹோம் ரன் அடித்தார், 38 பேஸ் திருடினார். மெட்ஸ் 83-79, கடைசி நாளில் தோற்று பிளே-ஆஃபைத் தவறவிட்டது. யாங்கீஸ் அந்தப் பணத்தைப் பிரித்து மேக்ஸ் ஃப்ரீட் (8 ஆண்டு, 21.8 கோடி), பெல்லிஞ்சர், பால் கோல்ட்ஷ்மிட் என்று எடுத்து 94 ஆட்டங்கள் வென்றது. உடனே, பார்த்தாயா, விட்டதே நல்லது என்று யாங்கீஸ் ரசிகர்கள் சொன்னார்கள். அவசரம். ஒரு சீசனை வைத்து 15 ஆண்டை எடை போட முடியாது. மெட்ஸைக் கவிழ்த்தது பிட்சிங், சோட்டோ அல்ல.

ஒப்பந்தம் எழுதும்போது அவருக்கு 26 வயது. பந்தைத் தேர்ந்தெடுக்கும் கண் அவருடைய பெரிய பலம். கால் வேகம் குறைந்தாலும் கண் சீக்கிரம் குறையாது. நான் மெட்ஸ் ரசிகனாக இருந்தால் கையெழுத்திட்ட அன்று கொண்டாடியிருப்பேன். மெட்ஸின் ஸ்டீவ் கோஹன் அதோடு கையைக் கட்டிக்கொள்ளும் முதலாளியும் அல்ல.

எண்களில் ‘வார்’ என்கிறார்களே, அதை வைத்தே முடிவு செய்யலாமே?

எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிட ஒரு வீரர் கூடுதலாக எத்தனை வெற்றி தருகிறார் என்ற மதிப்பீடு அது. நடந்ததை அளக்க நல்ல கருவி. கார்டினல்ஸில் புஹோல்ஸின் 11 ஆண்டுக் கணக்கு 80-ஐத் தாண்டும்; ஏஞ்சல்ஸில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வரப்போவதை அது சொல்லாது.

உணர்வுக்கு இடமே இல்லையா?

இருக்கிறது, நிறைய இருக்கிறது. 2019 ஜூனில் புஹோல்ஸ் ஏஞ்சல்ஸ் சட்டையில் முதல்முறையாக செயின்ட் லூயிஸுக்கு ஆட வந்தார். பேட்டிங் செய்ய நடந்தபோது மொத்த மைதானமும் எழுந்து நின்றது. ஒரு நிமிடத்துக்கு மேல் கைதட்டல். கேட்சர் இடத்தில் இருந்தவர் பழைய நண்பர் மொலினா, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் எதிரணி வீரராக ஹோம் ரன் அடித்தார். தங்கள் அணிக்கு எதிராக அடித்தவரை ரசிகர்கள் வெளியே வரச் சொல்லிக் கைதட்டி அழைத்தார்கள், அவரும் வந்து தொப்பியை உயர்த்தினார்.

2022-இல் 42 வயதில் ஓராண்டுக்கு 25 லட்சம் டாலருக்குக் கார்டினல்ஸுக்கே திரும்பினார். 24 ஹோம் ரன் அடித்தார். செப்டம்பர் 23 அன்று டாட்ஜர்ஸ் மைதானத்தில் 700-ஐத் தொட்டு, 703-இல் முடித்தார். இந்த மகிழ்ச்சிக்கு விலை போட முடியாது என்பது உண்மை. ஆனால் இதை அனுபவிக்க 2011-இல் 24 கோடி கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை.

அடுத்த சில ஆண்டுகளில் இந்த விவாதம் மாறுமா?

மாறலாம். அணிகளுக்கும் வீரர் சங்கத்துக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் பல காலமாகக் கேட்கிறார்கள். வீரர் சங்கம் 1994-இல் அதை எதிர்த்தே வேலைநிறுத்தம் செய்து, அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. இன்னொரு பக்கம் உள்ளூர் தொலைக்காட்சி வருமானம் ஆட்டம் கண்டிருக்கிறது. பல அணிகளின் ஆட்டங்களை ஒளிபரப்பிய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. கார்டினல்ஸும் அந்தப் பட்டியலில் இருந்த அணி. கேபிள் பணம் வரும் என்று நம்பிப் பத்து, பதினைந்து ஆண்டு எழுதிக் கொடுக்கும் துணிச்சல் நடுத்தர ஊர் அணிகளுக்கு இனி குறையும். அடுத்த 26 வயது நட்சத்திரம் சந்தைக்கு வரும்போது கோதாவில் நான்கைந்து அணிகள்தான் நிற்கும். கார்டினல்ஸ் அதில் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதற்காக நான் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பேன்.